மூன்றாவது மூலைக்கோடு

ஏப்ரல் 21, செவ்வாய்

இந்த டைரியில் நடந்ததை நடந்தபடியே எழுதப் போகிறேன். கூட்ட மாட்டேன், குறைக்க மாட்டேன். எனக்கு வெட்கம் தருகிற விஷயமானாலும் எழுதுவேன். இது சிமெண்ட் கடையில் அப்பாவுக்குக் கொடுத்த டைரி. ஏப்ரல் வரைக்கும் யாரும் ஒரு வரி எழுதாததால் எனக்கு வந்தது.

என் பெயர் ஷெர்லின். ஒன்பதாம் வகுப்புப் பரீட்சை நேற்று முடிந்தது. லீவில் நாற்பது புத்தகம் படிப்பதாக இருந்தேன். ஆனால் நாளை முதல் அப்பாவோடு வேலைக்குப் போகிறேன். அப்பா பெயர் தாசையன். பூச்சுக் கொத்தனார். எங்கள் ஊர்ப் படிப்பகத்துக்குப் புதுக் கட்டடம் கட்டுகிறார்கள். அதன் மாடி அறையில் கூரையின் உட்பக்கத்தைப் பூசுகிற வேலை அப்பாவுக்குக் கிடைத்திருக்கிறது.

"புள்ள வீட்டுல சும்மாத்தானே கெடக்கா? கூட வரட்டும். தண்ணி எடுத்துத் தர ஆளாச்சு" என்று அம்மாவிடம் சொன்னார்.

"தண்ணி எடுக்க குளோரி இருக்காளே?" என்றாள், அண்டி ஆபீஸில் முந்திரிக்கொட்டை உடைத்துவிட்டு வந்திருந்த அம்மா.

அப்பா பூச்சுக் கரண்டியைக் கழுவப் போனார். அது ஏற்கெனவே கழுவிய கரண்டி.

ஏப்ரல் 22, புதன்

மாடி அறை சதுரம். மேலே தட்டையான கூரை கிடையாது. நான்கு சுவரிலிருந்தும் நான்கு கான்கிரீட் சரிவுகள் எழுந்து நடுவில் ஓர் உச்சியில் சேர்கின்றன. உள்ளே நின்று அண்ணாந்து பார்த்தால் பெரிய கூடாரத்துக்குள் நிற்பது போல இருக்கிறது. இரண்டு சரிவு சேரும் இடத்தில் மூலையிலிருந்து உச்சி வரைக்கும் ஒரு மடிப்பு போகிறது. அதற்கு மூலைக்கோடு என்று பெயர். நான்கு மூலைக்கு நான்கு கோடு. சரிவை யாரும் பூசிவிடலாமாம். கோட்டைத் தாளை மடித்தது போல நேராகக் கொண்டு போவதுதான் வேலையாம்.

இதெல்லாம் குளோரி அக்கா சொன்னது. அக்கா சித்தாள். கலவை குழைத்துச் சாரத்துக்கு ஏற்றிக் கொடுப்பது அவர்தான். இன்னொன்றும் சொன்னார்: "கடைசி நாளு இன்ஜினியர் ஜன்னலுக்கெல்லாம் சாக்கைக் கட்டி அறைய இருட்டாக்குவாரு. ஒத்த பல்பைக் கம்புல கட்டிச் செவரோட ஒட்டிச் சாய்ச்சுக் காட்டுவாரு பாரு, பகல்ல தெரியாத மேடு பள்ளம் எல்லாம் நெழலா வந்து நிக்கும். அங்க ஒருத்தரும் தப்ப முடியாது."

இன்ஜினியர் பெயர் எடிசன் சார். பத்து மணிக்கு பைக்கில் வந்தார்.

"கொத்தனாரே, தக்கலையில மூணு வீடு எடுத்திருக்கேன். மூணும் இதே மாதிரி சரிவுக் கூரைதான். இது நல்லா வந்தா மூணும் உமக்கு. இல்லேன்னா ஜிப்சம் போர்டு அடிக்கிற பார்ட்டி ஒருத்தன் நெதமும் போன் பண்ணிக்கிட்டு இருக்கான்."

"நல்லா வரும் சார்" என்றார் அப்பா.

ஏப்ரல் 23, வியாழன்

இன்று முழுவதும் கான்கிரீட்டில் உளியால் கொத்து போட்டுச் சொரசொரப்பாக்கினார்கள். அப்போதுதான் பூச்சு பிடிக்குமாம். நான் இருபத்தேழு முறை தும்மினேன்.

ஏப்ரல் 25, சனி

முதல் கோடு முடிந்தது. எப்படிச் செய்கிறார் என்று எழுதி வைக்கிறேன். மூலையில் ஓர் ஆணி, உச்சியில் ஓர் ஆணி. இரண்டுக்கும் நடுவே கயிற்றை விறைப்பாகக் கட்டுகிறார். பூச்சின் மடிப்புக்கும் கயிற்றுக்கும் இடையில் அரை அங்குலம் இருக்க வேண்டும். தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும் அதே அரை அங்குலம். எங்கேயாவது இடைவெளி குறைந்தால் அங்கே பூச்சு வயிறு தள்ளியிருக்கிறது என்று அர்த்தம். அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பங்குக்கு ஒரு நூல் என்பார்கள். ஒரு நூல் பிசகினாலும் கீழே நிற்பவன் கண்ணில் உறுத்தும் என்று அப்பா சொல்வார்.

அப்பா எப்போதும் இடது கண்ணை மூடிக்கொண்டு வலது கண்ணால்தான் கோடு பார்ப்பார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். இன்று இடது கண்ணை மூடினார், உடனே திறந்தார், பிறகு வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார்.

பூசியதை இரண்டு முறை வழித்துப் போட்டுவிட்டு மறுபடி பூசினார். காலை எட்டுக்கு ஆரம்பித்தது மாலை ஐந்துக்கு முடிந்தது.

"என்ன கொத்தனாரே, ஒத்தக் கோட்டுக்கு ஒம்பது மணி நேரமா தாலாட்டு பாடுதீரு?" என்றார் குளோரி அக்கா.

"நீ கலவைய எளக்கமா குழைச்சா நான் என்ன செய்ய?"

"ஆமா, எல்லாக் குத்தமும் குளோரி மேலதான். மழை பெய்யல்லேன்னாலும் குளோரிதான்."

கலவை சரியாகத்தான் இருந்தது. நான் பார்த்தேன்.

ஏப்ரல் 26, ஞாயிறு

கோவிலில் ஆராதனையின்போது அப்பா பாட்டுப் புத்தகத்தில் வேறு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பாட்டை மட்டும் சரியாகப் பாடினார். திரும்பி வரும்போது அம்மா மீன் வாங்க நின்றுவிட்டாள். அப்பாவும் நானும் குளத்தங்கரை வழியாக நடந்தோம். நான் வலப்பக்கம் நின்று மூன்று விரலைக் காட்டி, எத்தனை என்று கேட்டேன்.

அப்பா நின்றுவிட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன். கோபப்படவில்லை.

"வலது கண்ணுல பால ஊத்துன மாதிரி இருக்கு மக்ளே. கிறிஸ்மஸ் முடிஞ்சதுல இருந்து. இடது கண்ணு கொள்ளாம், நல்லாத் தெரியுது. ஆனா ஒத்தக் கண்ணுக்குத் தூரம், கிட்ட ஒண்ணும் பிடிபடல்ல. கயிறு பூச்சுல தொட்டுக்கிட்டு நிக்குதா, தள்ளி நிக்குதான்னே தெரியல்ல."

பள்ளிக்கூடத்தில் நடந்த கண் முகாமுக்கு யாருக்கும் சொல்லாமல் போயிருக்கிறார். புரை என்று சொல்லி, அறுத்து எடுக்கலாம் என்றார்களாம். ஆனால் நாற்பது நாள் சிமெண்ட் தூசி பக்கம் போகக் கூடாதாம். "அந்த நாப்பது நாளுல அந்த மூணு வீடும் போயிரும். கண்ணு போன கொத்தனாருன்னு ஒரு பேரு வந்துட்டா, பெறவு நாயக் கூட்டுக்குக்கூட என்னைப் பூசக் கூப்பிட மாட்டானுவ."

"நான் என்ன செய்யணும்?" என்று கேட்டேன்.

என்னை எதற்காகக் கூட்டிக்கொண்டு போகிறார் என்று அப்போதுதான் சொன்னார். நான் சாரத்தில் பக்கத்தில் நின்று, கயிற்றுக்கும் பூச்சுக்கும் இடைவெளி ஒன்றுபோல இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். பிறர் கேட்டால், வேலை பார்ப்பது பிடிக்கும், அதனால் ஏறி நிற்கிறாள் என்று இருக்கட்டும். அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

அம்மா கேட்கவில்லை. அதனால் நான் சொல்லவில்லை. கேட்காததைச் சொல்லாமல் இருப்பது பொய்யாகாது என்றுதான் நினைக்கிறேன்.

ஏப்ரல் 28, செவ்வாய்

இரண்டாவது கோடு நான்கு மணி நேரத்தில் முடிந்துவிட்டது!

அப்பா கேட்பார்: "ஒண்ணு போல இருக்கா மக்ளே?" நான் சொல்வேன்: "நடுவுல பூச்சு ரெண்டு நூல் கூடுதல்." அப்பா மட்டம் பார்க்கிற கட்டையால் பூச்சை ஒரு இழுப்பு இழுப்பார். "இப்பம்?" "அரை நூல்." இன்னொரு இழுப்பு. "இப்பம்?" "சரி." அப்பாவின் கை நான் சொன்ன இடத்துக்கு நேராகப் போகிறது. ஒரு தடவைகூடத் தவறவில்லை. கீழே இறங்கி அண்ணாந்து பார்த்தேன். மூலையில் புறப்பட்ட கோடு எங்கேயும் தயங்காமல் உச்சிக்குப் போயிருந்தது. நான் படித்த எந்தப் புத்தகத்தின் அட்டையும் அவ்வளவு நேராக மடிந்திருக்கவில்லை.

"ஏட்டி, நீதான் சின்னக் கொத்தனாரா?" என்று குளோரி அக்கா என் மூக்கில் சிமெண்ட் தடவினார்.

ஏப்ரல் 29, புதன்

மூன்றாவது கோடு முடிந்தது. எடிசன் சார் வந்து இரண்டு மணி நேரம் கீழே நின்று பார்த்தார். அப்பா கடைசியில் கோட்டின் நடுவில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இறங்கினார். மத்தியானம் மரச்சீனிக் கிழங்கும் மீன் குழம்பும். வேறு எழுத ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 30, வியாழன்

நான்காவது கோடும் முடிந்தது. இன்று அப்பா என்னை மேலே கூப்பிடவில்லை. உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றைத் தரையில் தேய்த்துத் தேய்த்து அரை அங்குலக் கனத்துக்குக் கொண்டு வந்தார். அதைக் கயிற்றுக்கும் பூச்சுக்கும் நடுவே நுழைத்து, சாண் சாணாக நகர்த்தி, விரலால் தடவித் தடவிப் பார்த்தார். இருட்டும் வரைக்கும் ஆயிற்று. நான் கீழே உட்கார்ந்து புத்தகம் படித்தேன். எத்தனை பக்கம் என்று எண்ணவில்லை.

மே 1, வெள்ளி

தொழிலாளர் தினம். வேலை இல்லை.

முந்தாநாள் நடந்ததை நான் முழுக்க எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன்.

எடிசன் சார் கீழே நின்றார். அப்பா கேட்டார், ஒண்ணு போல இருக்கா என்று. நான் சொன்னேன், நடுவில் இரண்டு நூல் கூடுதல் என்று. அப்பா இழுத்தார். மறுபடி கேட்டார். ஒன்றரை நூல் என்றேன்.

உடனே எடிசன் சார், "என்ன கொத்தனாரே, ஒன்றரை நூல் புள்ளைக்குத் தெரியுது, உமக்குத் தெரியலியா?" என்று சிரித்தார். சும்மா கேலிக்குச் சிரித்தாரா, சந்தேகப்பட்டாரா என்று எனக்குத் தெரியவில்லை. அப்பாவும் சிரித்தார். ஆனால் அப்பாவின் காது சிவந்துவிட்டது. கலவை இறுகிக்கொண்டிருந்தது.

மூன்றாவது தடவை கேட்டார்: "இப்பம்?"

நடுவில் ஒரு நூல் கூடுதல் இருந்தது. நன்றாகத் தெரிந்தது. ஒரு நூல் இல்லை, சரியாகச் சொன்னால் ஒன்றேகால்.

நான் சத்தமாகச் சொன்னேன்: "ஒண்ணு போல இருக்குப்பா."

மே 2, சனி

காலையில் கிணற்றடியில் அப்பாவிடம் சொன்னேன். அப்பா பல் தேய்த்துக்கொண்டிருந்தார். வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு, "தெரியும்" என்றார்.

"எப்படி?"

"கைக்குத் தெரியாதா? இருபத்திரண்டு வருசமா தடவுத கையி."

"பெறவு ஏன் அப்பமே வழிக்கல்ல?"

"அவரு நின்னாருல்லா."

இருவரும் ஒரே காரணத்துக்காகத்தான் செய்திருக்கிறோம். அது எனக்கு ஆறுதலாக இல்லை.

"இப்பம் என்ன செய்யப்பா?"

"பட்டி பாத்து வெள்ளை அடிச்சா ஒருத்தனுக்கும் தெரியாது."

"பல்பு காட்டுனா?"

"வாய மூடிக்கிட்டு இரு" என்றார். என்னிடம் அப்படிப் பேசுவது முதல் தடவை.

பட்டி மாவைத் தடவிப் பள்ளத்தை நிரப்பலாம். வயிறு தள்ளியதை நிரப்ப முடியாது. அது அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்ததுதான்.

மே 3, ஞாயிறு

கோவிலுக்குப் போய் வந்து சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா தண்ணீர்ச் செம்பை அப்பாவின் இடப்பக்கம் வைத்தாள். வைத்த கையோடு சொன்னாள்: "ரெண்டு மாசமா வலப்பக்கம் வச்சதையெல்லாம் தட்டி விட்டிய. நானும் இடப்பக்கம் மாத்தி வச்சு வச்சு, எப்பமாவது வாயத் தொறந்து சொல்லுவியளான்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன், நான் சொல்லவில்லை என்று.

"அவள ஏன் பாக்கிய? அண்டி ஆபீஸுல ஒரு நாளைக்கு ஆயிரம் அண்டி தல்லுத எனக்கு, எது சொத்தை, எது நல்லதுன்னு தெரியாதா? கண்ண அறுத்தா எத்தனை நாளு வீட்டுல இருக்கணுமாம்?"

"நாப்பது" என்றார் அப்பா.

"நாப்பது நாளு நான் பாத்துக்கிடுதேன்."

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பிறகு, "அந்தக் கோடு ஒண்ணு கோணலா நிக்கி" என்றார். அம்மாவுக்கு எந்தக் கோடு என்று தெரியாது. ஆனாலும், "அப்பம் அத நேராக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றாள்.

மே 4, திங்கள்

நான்கு மணிக்கு எடிசன் சார் நீளக் கம்பில் கட்டிய நூறு வாட்ஸ் பல்பும் வயரும் கொண்டு வந்தார். குளோரி அக்கா ஜன்னலுக்கெல்லாம் சாக்கைக் கட்டினார்.

முதல் கோடு. பல்பை மூலையிலிருந்து மெல்ல நகர்த்தினார். நிழல் இல்லை. இரண்டாவது கோடு. இல்லை. "கொள்ளாமே" என்றார். மூன்றாவது மூலைக்கு நடந்தார்.

"சார், அதுல காட்டண்டாம்" என்றார் அப்பா.

"ஏன்?"

"நடுவுல ஒரு நூலுக்கு மேல வயிறு தள்ளி நிக்கி."

"தெரிஞ்சா ஏன் அப்படியே விட்டீரு?"

"வலது கண்ணு தெரியல்ல சார். நாலஞ்சு மாசமாச்சு. கையாலே தடவித்தான் பாத்தேன். பாத்தப்ப நீங்க நின்னிய. வழிக்க வெக்கமா இருந்து."

அப்பா என் பேரைச் சொல்லவே இல்லை. சொல்லாமலே முடித்துவிடுவார் போல இருந்தது.

"சார், அப்பா எங்கிட்ட கேட்டாவ. நான்தான் ஒண்ணு போல இருக்குன்னு பொய் சொன்னேன்" என்றேன். குரல் நான் நினைத்ததைவிட மெல்லியதாக வந்தது. அதனால் இன்னொரு முறை சொன்னேன்.

எடிசன் சார் எங்கள் இருவரையும் பார்த்தார். பிறகு பல்பை மூன்றாவது கோட்டுக்குக் காட்டத்தான் செய்தார். நடுவில் வாழையிலை அகலத்துக்கு நிழல் விழுந்தது. நான்காவதுக்கும் காட்டினார். அதில் ஒரு மயிரிழை நிழல்கூட இல்லை. நான்கிலும் அதுதான் சுத்தம். ஓட்டுத் துண்டால் தடவிப் பூசிய கோடு.

"நாளைக்குச் சாயங்காலம் வருவேன்" என்றார் சார். "அதுக்குள்ள எடுத்துப் பூசும். போர்டுக்காரன்ட்ட நான் இன்னும் ஒண்ணும் சொல்லல்ல. சொல்லுவேனா மாட்டேனான்னு நாளைக்குப் பாப்போம்."

"பாவி மக்கா ரெண்டு பேரும்! எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா நான் பாத்துச் சொல்லிருக்க மாட்டேனா? எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று குளோரி அக்கா திட்டினார். திட்டிவிட்டு அப்பா பக்கம் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார். அப்பா சிரித்துவிட்டார்.

மே 5, செவ்வாய்

ஏழு மணிக்கே போய்விட்டோம். அப்பா உளியால் மூன்றாவது கோட்டை மேலிருந்து கீழ் வரைக்கும் கொத்தி எடுத்தார். பதினொன்றரைக்குப் புதுப் பூச்சு ஏறியது. எடிசன் சார் சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தார், ஆனால் பன்னிரண்டு மணிக்கே வந்துவிட்டார். சிமெண்ட் மூட்டையில் உட்கார்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவின் சட்டைப் பையில் ஓட்டுத் துண்டு இருந்தது. அதை எடுக்கவில்லை. கயிற்றைக் கட்டி முடித்துவிட்டு, "ஷெர்லினே, ஏறு" என்றார்.

ஏறினேன்.

"ஒண்ணு போல இருக்கா?" மெதுவாகக் கேட்கவில்லை. கீழே இருப்பவர்களுக்கும் கேட்கும்படி கேட்டார்.

"இல்லப்பா. நடுவுல ரெண்டு நூல் கூடுதல்."

இழுத்தார். "இப்பம்?"

"இல்ல. இன்னும் ஒரு நூல் இருக்கு."

"இப்பம்?"

"இல்ல. இப்பம் நடுவுல சரி, கீழ அரை நூல் கொறவு."

ஒன்பது முறை இல்லை என்று சொன்னேன். ஒவ்வொரு முறையும் கீழே பார்க்கத் தோன்றியது, பார்க்கவில்லை. எடிசன் சார் சிரிக்கவில்லை, ஒன்றும் கேட்கவும் இல்லை. பத்தாவது முறை நான் கயிற்றை மூலையிலிருந்து உச்சி வரைக்கும் பார்த்தேன். மறுபடி உச்சியிலிருந்து மூலை வரைக்கும் பார்த்தேன். "ஒண்ணு போல இருக்குப்பா" என்றேன்.

அப்பா தடவிப் பார்க்கவில்லை. ஈரப் பூச்சில் கை வைக்காமலே கட்டையைக் கீழே கொடுத்தார்.

ஐந்தரைக்குச் சாரத்தை ஒதுக்கிவிட்டுச் சாக்கைக் கட்டினோம். அண்டி ஆபீஸ் விட்டு அம்மாவும் வந்துவிட்டாள். கையில் அண்டிக் கறையோடு வாசலில் நின்றாள். எடிசன் சார் பல்பைக் கொண்டு போய் மூன்றாவது மூலையில் வைத்து, ஒரு அடி, ஒரு அடியாக நகர்த்தினார். நடுவில் ரொம்ப நேரம் நிறுத்தினார். நிழல் வரவில்லை. பல்பை மேலே கொண்டு போனார். உச்சிக்கு ஒரு சாண் கீழே நகத்தளவு நிழல் தெரிந்தது.

"ஏட்டி, நீ சொல்லு. நேரா இருக்கா?"

"கோடு நேரா இருக்கு சார். மேல ஒரு எடத்துல மட்டும் கரண்டி பட்ட பள்ளம் ஒண்ணு இருக்கு."

"பள்ளம்தானே? அது பட்டியில போயிரும்" என்றார். அப்புறம் அப்பாவிடம் சொன்னார்: "தக்கலை வீடு பூச்சுக்கு வர ஜூலை ஆவும். அதுக்குள்ள கண்ண முடிச்சிட்டு, டாக்டர் சீட்டோட வாரும். சீட்டு இல்லாம வந்தா போர்டுதான். இப்பமே சொல்லிட்டேன்."

"வாறேன் சார்."

"வருவாவ" என்றாள் அம்மா வாசலிலிருந்து. "வெள்ளிக்கிழமை போறோம். நான் லீவு சொல்லியாச்சு."

எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. அறையின் நடுவில் போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். நான்கு கோடும் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தன. அப்பா என் பக்கத்தில் வந்தார். இத்தனை நாளும் படியில் சுவரைத் தடவிக்கொண்டுதான் இறங்குவார், யாரும் பார்க்காதபோது. இன்று எல்லாரும் பார்க்க என் தோளைப் பிடித்துக்கொண்டார். பிடி கனமாக இருந்தது.

"போலாம் மக்ளே" என்றார்.

ஆறேகால் மணிக்கு எடிசன் சார் விளக்கை அணைத்தார்.